ரங்கூனில் எரியாத எஞ்சின்

என் கண்ணான மகனுக்கு,

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பெயரும் கமலாவின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தேன். உன் மாமா உனக்கென்று ஒன்றில் மஞ்சள் தடவி எடுத்து வைத்திருக்கிறார். அதைத் தபாலில் போட வேண்டாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும். பம்பாயில் உன் அறையில் எந்நேரமும் ஆட்கள் இருப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்கள் எதிரில் இதைப் பிரிக்காதே. தனியாக எங்காவது போய் உட்கார்ந்து படி.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உன் நைனா ரங்கூனில் குண்டு விழுந்து சாகவில்லை. அவரை உயிரோடு விட்டுவிட்டு வந்தவர் உன் மாமா. எனக்கே இது போன வாரம்தான் தெரிந்தது. எழுதிய வரியைத் திரும்பப் படித்தால் யாரோ வேற்று வீட்டுச் செய்தி போல இருக்கிறது. உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்று அரிசி போட மறந்துவிடுகிறேன். உனக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படித்துவிடு.

என் கையில் இருக்கும் ஒரே வித்தை உனக்குத் தெரியும். ரங்கூனில் உன் நைனாவும் மாமாவும் சேர்ந்து ஒர்க்‌ஷாப் நடத்தியபோது சாமான் விற்கும் மேஜை என் பொறுப்பு. வருகிறவர்கள் எல்லாம் வண்டியின் பெயரைச் சொல்லி எஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் கேட்பார்கள். கொடுத்தனுப்பினால் பொருந்தவில்லை என்று திரும்பி வருவார்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் வண்டிக்குள் நாலு பிளக் எஞ்சினும் இருக்கும், ஆறு பிளக் எஞ்சினும் இருக்கும். முன்பு வைத்திருந்தவன் பழசைக் கழற்றி வேறொன்றை மாட்டியும் இருப்பான். அதனால் உன் நைனா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "வண்டிக்காரன் சொல்றத காதுல வாங்கிக்கோம்மே, ஆனா பானெட்டைத் தூக்காம சாமான எடுக்காத" என்பார். பிளக்கை எண்ண வேண்டும். வால்வு மேலே இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பக்கவாட்டில், மேல்மூடி வந்து உட்காரும் விளிம்புக்குக் கீழே, வழவழப்பாக ஒரு இடம் இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் அங்கே அடித்த எழுத்தும் நம்பரும் தெரியும். முதல் எழுத்து அது எந்த வகை எஞ்சின் என்று சொல்லிவிடும். கம்பெனியில் அடித்த நம்பர் என்றால் எழுத்துகள் ஒரே ஆழத்தில் நிற்கும். திருட்டு எஞ்சின் என்றால் அரத்தால் தேய்த்துவிட்டு மறுபடி அடித்திருப்பார்கள், எழுத்து ஆடும். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நான் வண்டிக்குள் குனிவதைப் பார்த்து அங்கே தெருவே சிரித்தது. அவர் சிரித்ததில்லை.

நம் சொந்தக் கறுப்பு வண்டி உனக்கு நினைவிருக்கும். ஒரு வருஷம் அதன் எஞ்சினில் ஓர் ஓரமாக நீண்ட வெடிப்பு விட்டது. புது எஞ்சின் வாங்காமல், அந்த வெடிப்பு நெடுகத் துளை போட்டு, செம்புத் திருகுகளை வரிசையாக முடுக்கி, தலையை ராவி, உன் நைனாவே அடைத்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உனக்கு ஏழெட்டு வயது. படகுப் போட்டி பார்க்கப் போக வேண்டும் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாய். கடைசித் திருகு வரிசையை விட்டுச் சாய்ந்து இறங்கிவிட்டது. அவர் உன்னைத் திட்டவில்லை. "இதான் எம் புள்ள கையெழுத்து" என்று சொல்லிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

முதல் குண்டு விழுந்ததும் நம் இருவரையும் கப்பல் ஏற்றினார். ஒர்க்‌ஷாப்பை விற்றுவிட்டு உன் மாமாவோடு பின்னால் வருவதாகச் சொன்னார். இங்கே வந்தால் மயிலாப்பூரிலும் குண்டு பயம். தெருத் தெருவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனார்கள். நாம் மாமியோடும் கமலாவோடும் குளத்துப் பக்கத்து வீட்டிலேயே இருந்தோம். ஆடி மாதத்தில் ஒரு நாள் உன் மாமா வாசலில் வந்து நின்றார். தாடியும் எலும்புமாக நின்றவரை நீதான் யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்து உள்ளே வந்து சொன்னாய். குண்டு ஒர்க்‌ஷாப் மேல் விழுந்தது, வண்டியோடு சேர்ந்து மச்சான் எரிந்து போய்விட்டார், சாம்பலைக்கூட எடுக்க முடியவில்லை என்றார். நான் நம்பினேன். கூடப் பிறந்த அண்ணன் சொல்வதை யார் நம்பமாட்டார்கள். நீ சாந்தோம் கடலில் முழுகிக் காரியம் செய்தாய். நான் பொட்டை அழித்தேன்.

அதன் பிறகு மாமா நமக்குச் செய்ததையெல்லாம் நீ கூடவே இருந்து பார்த்தவன். மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஷெட் போட்டார். சண்டை முடிந்து பட்டாளத்துப் பழைய வண்டிகளை ஏலம் விட ஆரம்பித்ததும், லாட் லாட்டாக எடுத்துப் பிரித்து விற்றார். சாமான் மேஜையை என்னிடம் கொடுத்தார். உன்னைப் படிக்க வைத்தார். தீபாவளிக்கு உனக்கும் கமலாவுக்கும் துணி எடுப்பார், தனக்கு எடுக்கமாட்டார். இதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும். இது பொய்யில்லை.

போன செவ்வாய்க்கிழமை அடையாறு வக்கீல் ஒருவர் தன் வண்டிக்கு எஞ்சின் கேட்டு ஆளனுப்பினார். பட்டாளத்து ஏலம் நடக்கும் பல்லாவரம் மைதானத்திலிருந்து எடுத்த புது லாட்டில் அந்த வகை ஒன்று இருப்பதாக மாமா காலையிலேயே சொல்லியிருந்தார். பட்டாளத்தில் வெளிச்சம் எடுக்கும் டைனமோவோடு பூட்டி வைத்திருந்த எஞ்சின் அது. சரியான வகைதானா என்று நம்பரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு பகலில் ஷெட்டுக்குப் போனேன். ஆட்கள் யாரும் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார்கள். உள்ளே அரத்தின் சத்தம் கேட்டது. உன் மாமா குந்தி உட்கார்ந்து எஞ்சின் நம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நம் ஷெட்டில் அந்த வேலை நடந்ததே இல்லை. திருட்டு எஞ்சினைத் தொடமாட்டோம் என்று ஊருக்கே சொல்கிறவர் அவர். "இன்னாண்ணா பண்றே?" என்றேன். அவர் திரும்பவில்லை. கையும் நிற்கவில்லை. "நம்பர் துருப்புடிச்சிப் போச்சும்மா, சுத்தம் பண்ணிகினு கீறேன். நீ வூட்டுக்குப் போ" என்றார். துரு எடுக்க அரம் எதற்கு. திருட்டு எஞ்சினை யாரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள், என்னிடம் சொல்லப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். என்ன வகை என்று பிளக்கை எண்ணிப் பார்க்க அந்தப் பக்கம் சுற்றிப் போனேன். பச்சைப் பெயிண்ட் உரிந்த இடத்தில் செம்பு தெரிந்தது. விரல் வைத்துத் தடவினேன். வரிசையாகத் திருகுகள். கடைசி ஒன்று மட்டும் வரிசையை விட்டுச் சாய்ந்து இறங்கியிருந்தது.

தூக்கு என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. குழம்பு தரையெல்லாம் ஓடியதை அப்புறம்தான் பார்த்தேன். எரிந்துபோன வண்டியின் எஞ்சின் எரியாமல் என் எதிரில் இருந்தது. இரும்பு எரிந்திருந்தால் நிறம் மாறியிருக்கும், செம்பு கறுத்துத் தளர்ந்திருக்கும். "அண்ணா, இது நம்ம எஞ்சின்" என்றேன். அவர் அரத்தைக் கீழே வைத்தார். "ஆமா" என்றார். "எரிஞ்சி போச்சின்னு சொன்னியே." அவர் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன், என் வார்த்தையைச் சேர்த்தால் கூடிவிடும், இல்லை குறைந்துவிடும்.

"குண்டு ஒண்ணும் ஒர்க்‌ஷாப் மேல வுழல. ரெண்டு பேரும் வண்டியில வடக்கால கெளம்பினோம். ஊர் ஊரா எரிஞ்சிகினு இருந்திச்சி. மலைக்கு முன்னாடி ஒரு பெரிய ஆறு. அதுக்கு மேல வண்டி போவாது. கரை பூரா வண்டியா வுட்டுட்டுப் போயிருந்தாங்க. அங்க வரும்போதே மச்சானுக்கு வாந்தி பேதி. பின்சீட்டுல படுக்க வெச்சேன். கண்ணு உள்ள பூட்ச்சி. தண்ணி தண்ணின்னு கேட்டாரு. இரு மச்சான் கொண்டாரேன்னு சொம்ப எடுத்துகினு ஆத்துக்கு எறங்கினேன். அங்க அக்கரைக்குப் போற போட்டு ஒண்ணு. இதான் கடைசி போட்டு, இதுக்கப்புறம் வராதுன்னு கத்தினாங்க. ஜனம் தள்ளிகினு போவுது. நான் ஏறிட்டேன்மா. யாரும் என்ன இஸ்துகினு போவல. நானாத்தான் ஏறினேன். அந்தக் கரையில எறங்கிப் பாக்குறேன், கையில சொம்பு அப்படியே கீது."

"அப்ப அவருக்கு உசுரு இருந்திச்சா?" என்று கேட்டேன். "இருந்திச்சி. நான் எறங்கும்போது, சீக்கிரம் வா மச்சான்னு சொன்னாரு" என்றார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் அடித்திருப்பேனோ என்னவோ. காலையில் என்னிடம் சொன்ன பிறகு, லாட்டை வண்டியிலிருந்து இறக்கியபோதுதான் நம்பரைப் பார்த்து நம் எஞ்சின் என்று தெரிந்துகொண்டாராம். அந்த நம்பர் எனக்கும் மனப்பாடம். நான் அதைப் பார்க்க வருவேன் என்று தெரிந்து, அதற்கு முன் தேய்த்துவிட நினைத்தாராம். மறுபக்கத்துச் செம்பு அந்தப் பதற்றத்தில் அவருக்கு நினைவுக்கே வரவில்லை. எதற்காகக் குண்டுக் கதை சொன்னாய் என்று கேட்டேன். "வாசல்ல உன்னப் பாத்ததும் வாயில அதான் வந்திச்சி. அப்புறம் மாத்த முடியல" என்றார்.

நான் அங்கேயிருந்து வீடு வரை நடந்தே வந்தேன். வழியில் பஸ்ஸும் ரிக்‌ஷாவும் போனது கண்ணில் பட்டதே தவிர, ஏற வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு வந்த எண்ணத்தை உன்னிடம் மறைக்கமாட்டேன். உயிரோடு விட்டுவிட்டு வந்தார் என்றால், உன் நைனா இன்னும் உயிரோடு இருக்கலாமே. எஞ்சின் இங்கே வந்து சேர்ந்ததே, அவர் ஏன் வரக்கூடாது. இத்தனை வருஷமாக நான் விதவைதானா என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் ரயிலேறிப் பல்லாவரம் மைதானத்துக்குப் போனேன். அந்த டைனமோ செட்டுகளைக் கொண்டு வந்த பிரிவில் இருந்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன். காதர் என்று ஒருவரைக் கூப்பிட்டார்கள். ராயப்பேட்டைக்காரர், பட்டாளத்தில் டிரைவராகப் போனவர், உன்னைவிடச் சில வருஷம் மூத்தவராக இருப்பார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஆமாம்மா, அந்த ஆத்தங்கரைக்கு நாங்க போனோம். ஜப்பான்காரன் பின்வாங்கினதுக்கப்புறம். கரையில ஜனங்க வுட்டுட்டுப் போன காரு அப்படியே நின்னுகினு இருந்திச்சி, செடி மொளச்சி. எதுல எந்த எஞ்சின்னு பாத்து, தேறுறத மட்டும் கழட்டினோம். வெளிச்சத்துக்கு டைனமோ சுத்த எஞ்சின் இல்லாம கஷ்டப்பட்டோம். ஒர்க்‌ஷாப்புல சுத்தம் பண்ணி ஓட்டிட்டாங்க" என்றார்.

"அந்த வண்டிங்களுக்குள்ள யாராச்சும் இருந்தாங்களா தம்பி?" என்று கேட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்திருப்பார். சொல்லவில்லை. "இருந்தாங்கம்மா. சிலதுல இருந்தாங்க. எலும்புதான்." கறுப்பு வண்டி, எஞ்சினில் செம்பு வைத்தது, பின்சீட்டு என்றேன். "எல்லாமே கறுப்பு வண்டிதாம்மா. செம்பு வெச்சது ஒண்ணு இருந்திச்சி, எங்க மேஸ்திரி இது யாரோ நல்ல கைக்காரன் வேலைன்னு காட்டினாரு, அதனால நெனப்பு கீது. அதுல பின்சீட்டுலதான். கதவு சாத்தியே இருந்திச்சி." பிறகு அவரே சொன்னார்: "மேட்டுல பெரிய குழியா வெட்டி எல்லாரையும் ஒண்ணா அடக்கம் பண்ணோம். யாரு இன்னா சாமி கும்புட்டவங்கன்னு தெரியாதில்ல. அதனால நான் ஃபாத்திஹா ஓதினேன். வேலூர்க்காரப் பையன் ஒருத்தன் தேவாரம் சொன்னான். எங்க சார்ஜெண்டு அவங்க ஜெபத்தச் சொன்னாரு. ஒண்ணும் இல்லாம மூடலம்மா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவரை யாரென்றே தெரியாது. என் பிள்ளை செய்ய வேண்டியதை அவர் செய்திருக்கிறார். நீ மதராஸ் வந்ததும் முதல் வேலையாக அவரைப் போய்ப் பார். அது மட்டும் என் கட்டளை. மற்றதெல்லாம் உன் இஷ்டம்.

வீட்டுக்குத் திரும்பினால் கமலா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அத்தே, எனக்கு பாதி தெரியும்னு நெனக்கிறேன். எங்க நைனா தூக்கத்துல, இரு மச்சான் கொண்டாரேன், கொண்டாரேன்னு சொல்லிகினே இருப்பாரு. இன்னா கொண்டாறீங்கன்னு கேட்டா எழுந்து வெளிய போயிடுவாரு. ரொம்ப வருஷமா கேட்டுகினு கீறேன்" என்றாள். கல்யாணத்தைப் பற்றி நான் பேச்செடுக்கும் முன் அவளே சொன்னாள். "அவருகிட்ட எல்லாத்தையும் எழுதிடுங்க அத்தே. எங்க நைனாவுக்காகவும் எழுத வேணாம், எனக்காகவும் வேணாம். வேணாம்னு அவரு சொன்னா நான் காரணம் கேக்கமாட்டேன். ஆனா தெரியாம தாலி கட்ட வேணாம்."

இதுதான் நடந்தது. இனி அம்மா என்ன நினைக்கிறேன் என்று கேட்பாய். நான் என் அண்ணனை மன்னிக்கவில்லை. மன்னிக்க முடியுமா என்றும் தெரியவில்லை. காலரா கண்ட ஆளைக் காட்டில் வைத்துக்கொண்டு அவர் மட்டும் என்ன செய்திருக்க முடியும், இரண்டு பேரும் செத்திருப்பார்கள், நீயும் நானும் தெருவில் நின்றிருப்போம் என்று ஒரு மனசு சொல்கிறது. இன்னொரு மனசு அந்தச் சாத்திய கதவைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டேன் என்கிறது. போன வெள்ளிக்கிழமை அவர் வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வா என்றும் சொல்ல வரவில்லை, போ என்றும் சொல்ல வரவில்லை. ஒரு தட்டில் சோறு போட்டுக் கமலாவிடம் கொடுத்தனுப்பினேன். படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். உன் நைனாவின் திதியை இத்தனை வருஷமும் தப்பான மாதத்தில் கொடுத்திருக்கிறோம், அது சித்திரையில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நீ கமலாவைக் கட்டுவதாக இருந்தால் ஒன்றை முன்பே யோசி. நாளை ஒரு சண்டை வரும், எல்லா வீட்டிலும் வரும். அப்போது உன் அப்பன் என் அப்பனை என்று உன் வாயில் வரக்கூடாது. அப்படி வரும் என்று உனக்குள் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் இந்தக் கல்யாணம் வேண்டாம். அவள் அந்தக் கரையில் இருக்கவில்லை. எனக்குப் பாவம் பார்த்தோ, மாமா படிக்க வைத்த நன்றிக்கோ சரி என்று எழுதாதே. நைனா மேல் இருக்கும் துக்கத்தில் வேண்டாம் என்றும் எழுதிவிடாதே. இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போய்விட்டு வா, சாப்பிடு, தூங்கு, பிறகு எழுது.

எஞ்சினை வக்கீலுக்குக் கொடுக்கவில்லை. ஷெட்டில் அதன் மேல் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதை என்ன செய்வது என்பதையும் நீயே சொல். மஞ்சள் தடவிய பத்திரிகை என் பெட்டியில், புடவைக்கு அடியில் இருக்கிறது. உன் பதில் எதுவாக இருந்தாலும், சென்ட்ரலில் உன்னைக் கூட்டிவர நான் வருவேன். கமலாவும் வருவதாகச் சொல்கிறாள். கல்யாணம் இல்லை என்றாலும் வருவாளாம், உன் நைனாவுக்குக் காரியம் செய்ய நீ வரும்போது கூடமாட ஆள் வேண்டும் என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் நல்லதைத் தவிர வேறெதையும் கேட்காத

உன் அம்மா